யட்விகாவின் பெயர் நாளும் என் முதல் கொலுவும்

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட பெண்களில் பலர் இன்னும் நல்ல ஞாபக சக்தியோடு இருக்கிறார்கள், எல்லார் கையிலும் தொலைபேசி வேறு இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது, இந்த வயதில் எழுதிப் பழக விருப்பமும் இல்லை. ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்தப் பெயரால்தான். யட்விகா. எழுபதுகளின் நடுவில் ஷார்ஜாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த போலந்துக்காரப் பெண்ணின் பெயர் அது.

என் பெயரைச் சொல்லாவிட்டாலும் அதன் பொருளைச் சொல்லலாம். அமைதி. பெற்றவர்கள் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் அவசரத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். கல்யாணமான முதல் வாரத்தில் நான் தோசைக்கரண்டியைக் கீழே வைத்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பேர மாத்திச் சொல்லி ஏமாத்திட்டாங்களோ?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு கட்டிடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கோடு போடுகிறவர், ஆகவே பொறுமைசாலி.

முதலில் அஜ்மானில் ஓர் அறையில் இருந்தோம். வாடகை குறைவு, ஆனால் தினமும் ஷார்ஜாவுக்கு வந்துபோவதிலேயே அவருக்குப் பாதி உயிர் போனது. ஆகஸ்டில் ஷார்ஜாவிலேயே மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு மாறினோம். மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள், பக்கத்தில் பக்கத்தில் கதவுகள். கதவில் எண் கிடையாது. லிஃப்ட் இருந்தது, அது ஓடி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கதவு அவளுடையது. கணவர் துறைமுகத்தில் மண் வாரும் கப்பலில் இன்ஜினியர், வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். அவள் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். குரல் மட்டும் காதைக் கொண்டுபோய் வாயருகே வைத்தால்தான் கேட்கும். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டாள். ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் மாடிப்படியில் விடுவாள். அது நேராக என் வீட்டுக்கு வரும்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆளுக்குப் பாதி தெரிந்த இங்கிலீஷ். இரண்டு பாதியும் ஒரே பாதியாக இருந்ததால் எப்போதும் அகராதி தேவைப்பட்டது. அதையெல்லாம் இங்கே தமிழாகவே எழுதிவிடுகிறேன்.

நம்மவர்களிடம் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "என்ன அர்த்தம்?" நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே ஆராய்ச்சி செய்து முடித்திருந்தார். "யட்விகா... இது சம்ஸ்கிருதமாத்தான் இருக்கணும். நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல அங்கல்லாம் போயிருக்காங்க." எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டதற்கு ரசம் ஊற்றச் சொன்னார்.

அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். பழைய ஜெர்மன் பெயராம். அங்கிருந்து போலந்துக்கு வந்து, நாக்குக்குத் தகுந்தபடி உருமாறியதாம். எழுதும்போது ஜே என்ற எழுத்தில் தொடங்கும், சொல்லும்போது 'ய'. அதில் இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன என்றாள். முதல் சொல்லுக்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியையும் குக்கர் மூடியையும் எடுத்து வந்தாள். மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கரண்டியால் காற்றில் நாலு வீசு வீசினாள்.

"சண்டை?" என்றேன்.

"பெரிய சண்டை. போர்."

"இரண்டாவது சொல்?"

மறுபடியும் கரண்டியை வீசினாள்.

"அதுவும் போரா?"

"அதுவும் போர்."

"முதல் போருக்கும் இரண்டாவது போருக்கும் என்ன வித்தியாசம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் வேகமாக வீசிக் காட்டினாள்.

கரப்பான்பூச்சிக்குக் காகிதம் பிடிக்கிறவளுக்குப் போருக்கு மேல் போர் என்று பெயர், எனக்கு அமைதி என்று பெயர். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் மாடியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பழைய ஜெர்மன்காரர்கள் வீரமான சொற்களாக இரண்டைப் பொறுக்கி ஒட்டிவிடுவார்களாம், கூட்டிப் பொருள் பார்க்கக் கூடாதாம். போலந்தில் அந்தப் பெயரில் ஒரு ராணி இருந்தாளாம், ஒரு புனிதையும் இருந்தாளாம். அதனால் அங்கே வீட்டுக்கு வீடு அந்தப் பெயரில் ஒரு அத்தை உண்டு. வீட்டில் செல்லமாக யாஜா என்பார்களாம்.

அப்போதுதான் பெயர் நாளைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் ஊர்க் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு மூன்று பெயர்கள் போட்டிருக்கும். உன் பெயர் எந்தத் தேதியில் இருக்கிறதோ அது உன் நாள். பெரியவர்கள் பிறந்தநாளைவிட அதைத்தான் கொண்டாடுவார்கள், வயதைச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். நமக்கு நட்சத்திரம் மாதிரி என்று புரிந்துகொண்டேன். அவள் பெயருக்கு அக்டோபர் நடுவில் ஒரு நாள்.

"யாரையெல்லாம் கூப்பிடுவீர்கள்?" என்றேன்.

"கூப்பிட மாட்டோம். கூப்பிடக் கூடாது. யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ அவர்கள் வருவார்கள். நாங்கள் மேஜை நிறையச் சாப்பாடு வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம்."

"யாரும் வராவிட்டால்?"

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "எப்போதும் வருவார்கள்" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "இங்கே யாருக்கும் தெரியாது" என்றாள். அந்த ஊரில் அவளுக்கு அதுதான் முதல் பெயர் நாள்.

"எனக்குத் தெரியுமே! நான் வருவேன்" என்றேன். சத்தியம் ஒன்றுதான் செய்யவில்லை. அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியை எழுதிக் கொடுத்தாள். அதைப் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்த எந்தப் பொருள்தான் கிடைத்திருக்கிறது? அதோடு மறந்தேன்.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு பர் துபாயில் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடினோம். இந்த வருஷம் எங்கள் வீட்டில் கொலு வைக்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னேன். அங்கே ஒரு மாமி, வருஷா வருஷம் ஒன்பது படி வைக்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஷார்ஜாலயா? அங்கெல்லாம் லாரி கேரேஜ்தானேடீ இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்த மாமி என் கொலுவைப் பார்த்துக் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க வேண்டும். அடுத்த ஒரு மாதமும் எனக்கு வேறு சிந்தனையே இல்லை. ஊருக்குப் போய் வந்த ஒருவர் மூலம் பொம்மைகள் திருச்சியிலிருந்து பழைய புடவைகளில் சுற்றப்பட்டு வந்தன. ஏர்போர்ட்டில் அதிகாரி புடவையைப் பிரித்துச் செட்டியார் பொம்மையைக் கையில் எடுத்து, யார் இவர் என்று கேட்டாராம். கொண்டுவந்தவர், "கடைக்காரர்" என்று சொல்லியிருக்கிறார். தராசையும் மளிகையையும் பார்த்துவிட்டு அதிகாரி விட்டுவிட்டார்.

படிகளுக்கு என் வீட்டுக்காரர் சைட்டிலிருந்து பலகைகள் கொண்டுவந்தார். பால்பவுடர் டின்கள், ஏசி வந்த பெட்டி, பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் அடுக்கி, ஸ்கேல் வைத்து அளந்து, ஏழு படி கட்டினார். மேலே வெள்ளை வேட்டி. கீழே தரையில் உண்மையான பாலைவன மணலைக் கொட்டி, அலுமினியத் தாளில் துபாய் க்ரீக் என்கிற உப்பங்கழியைச் செய்து, அதில் காகிதப் படகுகள் விட்டார். நான்கு பிளாஸ்டிக் ஒட்டகங்கள் வேறு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெட்ரோல் பங்க்கூட இருந்தது.

நவராத்திரியின் இரண்டாம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் எல்லாருக்கும் லீவு, அதனால் அன்று மாலைக்கே எல்லாரையும் அழைத்தேன். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை, கோயிலில் பார்த்தவர்களிடமும் கம்பெனி டிரைவர்களிடமும் சொல்லி அனுப்பினேன். அடையாளம் இதுதான்: "மூணாவது மாடி. வாசல்ல கோலம் போட்டிருக்கும், கதவு தொறந்தே இருக்கும். நீங்க பாட்டுக்கு உள்ள வந்துடுங்க."

காலையில் வாசலில் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. அவள் கையில் காப்பியோடு நின்று கடைசி இழை வரை பார்த்தாள். "எனக்கும் இன்றைக்கு ஒன்று போடுவாயா?" என்றாள். பெருந்தன்மையில் அவள் வாசலில் என்னுடையதைவிடப் பெரிதாகவே போட்டேன். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவள் போல நின்றாள். எனக்கு அடுப்பில் கடலை இருந்தது. சாயங்காலம் வந்து கொலு பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு வரிசையாக மூன்று காரியங்கள் நடந்தன. மூன்று மணிக்குக் கட்டிடத்துப் பூனை உள்ளே புகுந்து, தசாவதார வரிசையில் கல்கிக்கு அடுத்து, பதினோராவது அவதாரமாக உட்கார்ந்துகொண்டது. அதை விரட்டிவிட்டு, மறுபடி வரக் கூடாதே, யாராவது தட்டினால் திறந்துகொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன். ஐந்து மணிக்கு வாட்ச்மேன் துடைப்பத்தோடு வந்து என் கோலத்தைச் சுத்தமாகப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் கேட்டதற்கு, "ஆட்டா டாலா தோ சீட்டி ஆத்தா ஹை, மேடம். கலாஸ், சாஃப்!" என்று, மாவு போட்டால் எறும்பு வருமென எறும்பின் மேல் பழியைப் போட்டார். பக்கத்து வீட்டுக் கோலத்தை ஏன் விட்டுவைத்தீர் என்றால், அந்த மேடம் கேக் கொடுப்பாராம். ஆறு மணிக்கு மூன்றாவது காரியம், கரண்ட் போனது. ஏசி நின்றது, அழைப்பு மணி செத்தது.

என் வீட்டுக்காரரை வெற்றிலை வாங்க துபாய்க்கு அனுப்பியிருந்தேன். நான் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு, ஏழு படிக்கு எதிரில் தனியாக உட்கார்ந்தேன். ஒரு அண்டா சுண்டல் இருந்தது.

ஆறரை ஆயிற்று. யாரும் வரவில்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு கார் வந்து நின்றது. பட்டுப்புடவை கட்டிய இரண்டு பெண்கள் இறங்கிக் கட்டிடத்துக்குள் நுழைந்தார்கள். நான் ஓடிவந்து கதவுக்குப் பின்னால் புன்னகையோடு நின்றேன். யாரும் தட்டவில்லை. மறுபடி பால்கனி. இன்னொரு கார், மூன்று பெண்கள், நாலு பிள்ளைகள். உள்ளே நுழைந்தார்கள். மறுபடி கதவு. மறுபடி யாரும் இல்லை. இப்படியே ஏழரை மணி வரை பால்கனிக்கும் கதவுக்கும் ஓடினேன். ஒன்பது பத்துக் கார்கள் வந்துவிட்டன. கணவன்மார்கள் கீழே டீக்கடையில் நிற்பது தெரிகிறது. பெண்கள் கட்டிடத்துக்குள் போகிறார்கள், போனவர்கள் போனவர்கள்தான். இருட்டில் மாடிப்படியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்தேன்.

கடைசியாகப் பர் துபாய் மாமியின் கார் வந்தது. மாமி இறங்கினார், புடவையை உதறிக்கொண்டார், உள்ளே வந்தார். காணாமல் போனார்.

நான் கதவைத் திறந்தேன். என் வாசலில் கோலம் இல்லை. நடை முழுக்க இருட்டு, பக்கத்து வீட்டு வாசலில் மட்டும் வெளிச்சம். கதவு விரியத் திறந்திருக்கிறது. கோலம் இருக்கிறது. கோலத்தைச் சுற்றி இருபது முப்பது ஜோடிச் செருப்புகள். உள்ளேயிருந்து, அப்போதுதான் யாரோ தொடங்கிய பிலஹரி ராகக் கீர்த்தனை ஒன்று வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்த இருவர் கோலத்தையும் திறந்த கதவையும் பார்த்து நுழைந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்குச் செருப்பைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை. எந்த வீட்டு வாசலில் அத்தனை செருப்பு கிடக்கிறதோ அதுதானே விசேஷ வீடு.

நான் போய் நின்ற காட்சியை வரிசையாகச் சொல்கிறேன். கூடத்தில் மெழுகுவத்திகள். நீளமான மேஜையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ஆப்பிள் கேக், உருளைக்கிழங்கு சாலட், வெள்ளரிக்காய் ஊறுகாய், இன்னும் என்னென்னவோ. சுவரோரம் கண்ணாடி அலமாரியில் மூன்று தட்டு. அதில் போலந்து மரப்பொம்மைகள், பூப்போட்ட பாவாடை கட்டிய பெண்கள், தொப்பி வைத்த ஆண்கள், நடுவில் ஒரு மாதா படம், முன்னால் ஒரு சின்ன விளக்கு. அந்த அலமாரிக்கு எதிரில் பதினெட்டுத் தமிழ்ப் பெண்கள் பயபக்தியோடு ஜமக்காளமில்லாத தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ மாதாவுக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

மூலையில் என் வீட்டுக்காரர். ஒரு கையில் வெற்றிலைக் கட்டு, மறு கையில் கேக்.

"எல்லாரும் இங்க இருக்காங்களே, நீயும் இங்க கிச்சன்ல இருப்பேன்னு நெனச்சேன்" என்றார், வாயில் மென்றுகொண்டே.

முதலில் வந்தவர்களில் ஒருவரான திருநெல்வேலி அக்கா என்னைப் பார்த்ததும், "எங்கம்மா போயிட்ட? நாங்க வந்து எம்புட்டு நேரமாச்சு! ஒங்கூட ஷேரிங்ல இருக்கற இந்த வெள்ளக்காரப் புள்ளதாம் பாவம், ஒத்தையில நின்னு எல்லாரையும் கவனிக்கா" என்றார். அங்கே ஒரே வீட்டை இரண்டு குடும்பம் பங்கிட்டுக்கொள்வது சகஜம், அதனால் யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

பர் துபாய் மாமி அலமாரியிலிருந்து திரும்பினார். "பரவால்லடீ. சிம்பிளா, நன்னாவே வெச்சிருக்கே. இந்த ஊர்ல இவ்ளோதான் முடியும். மரப்பாச்சிக்கெல்லாம் வெள்ளக்கார டிரெஸ் போட்டிருக்கியே, என்ன ஐடியாடீ!"

எனக்குள் ஏறியதை என்னவென்று சொல்வது! பத்தடி தூரத்தில் ஏழு படி இருக்கிறது. க்ரீக் இருக்கிறது. பெட்ரோல் பங்க் இருக்கிறது. இவர்கள் மூன்று தட்டு அலமாரியைப் பார்த்து என் மேல் இரக்கப்படுகிறார்கள். வாயைத் திறந்துவிட்டேன். "இது என் வீடே இல்லை" என்ற சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன.

அப்போது அவள் கூட்டத்தைத் தாண்டி நீளமான கால்களால் எட்டி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நீல நிறத்தில் நல்ல உடுப்பு, காதில் முத்து, தலைமுடியைச் சுருட்டிக் கட்டியிருந்தாள். கண் நிறையத் தண்ணீர்.

"உனக்கு ஞாபகம் இருந்தது" என்றாள். "என் பெயர் நாள். நீ எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய். எல்லாரும் வந்துவிட்டார்கள்."

அந்த நிமிஷம்தான் எனக்குத் துண்டுக் காகிதம், கரண்டி, குக்கர் மூடி, கூப்பிட மாட்டோம் என்று அவள் சொன்னது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. காலையில் அவள் ஏன் கோலம் கேட்டாள் என்பதும் புரிந்தது. கேட்காமல் கேட்டிருக்கிறாள். நான் கடலையைப் பார்க்க ஓடியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் இந்தப் பதினெட்டுப் பேரும், "அய்யய்யோ, தப்பான வீடா!" என்று கூவிக்கொண்டு எழுந்து, சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வருவார்கள். என் கொலுவைப் பார்ப்பார்கள். மாமி கண்ணாடியைத் துடைப்பார். இவள் பாதி காலியான தட்டுகளுக்கு நடுவே நிற்பாள்.

"ஆமாம்" என்றேன். "எல்லாரிடமும் சொன்னேன்."

மாமியைப் பார்த்து, "முதல் வருஷம்தானே மாமி, அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிசா வெக்கறேன்" என்றேன். என் ஆயுளில் நான் விழுங்கியவற்றிலேயே பெரியது அந்த வாக்கியம்தான். பிறகு வீட்டுக்குப் போய் சுண்டல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேங்காய்ச் சுண்டலும் ஆப்பிள் கேக்கும் ஒரே தட்டில் போயின. கேக்கில் முட்டை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அதில் ஆறு முட்டை. அவளுக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தோம். அவள் வெற்றிலையை மடிக்காமல், சுண்ணாம்பு தடவாமல், அப்படியே இலையாகத் தின்று முடித்து, நன்றாக இருக்கிறது என்றாள். அவள் ஊர்ப் பாட்டு ஒன்றை அவளே பாடினாள், திருநெல்வேலி அக்கா தொடையில் தாளம் போட்டார். கீழே கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் கொலுவை ஒழுங்காகப் பார்த்தவர்கள், மறுநாள் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரின் சைட்டிலிருந்து வந்த ஏழெட்டுத் தொழிலாளர்கள்தான். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். ஒருவர் பெட்ரோல் பங்க்கைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இருமினார். அவர்களுக்கு இரண்டு தரம் சுண்டல் போட்டேன், ஆனால் மாமி பார்க்கவில்லையே என்ற எரிச்சல் தீரவில்லை.

நான் சொன்ன பொய் ஒரு நாளில் முடியவில்லை. அவள் அதைத் தன் அம்மாவுக்கு எழுதிவிட்டாள். தெரியாத ஊரில் மகளுக்குப் பதினெட்டுப் பேரைக் கூட்டிவந்த தோழிக்கென்று அந்த அம்மா கையாலேயே பூவேலை செய்த மேஜை விரிப்பு ஒன்று போலந்திலிருந்து வந்தது. பார்சலைப் பிரித்தபோது என் கை கூசியது. மேஜையில் விரிக்கவும் முடியவில்லை, பெட்டியில் வைக்கவும் முடியவில்லை. நான் கோபக்காரி, ஆனால் கள்ளி இல்லை. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் பழக்கம். இந்த ஒன்றை மட்டும் ஒரு வருஷம் வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அடுத்த வருஷம் நவராத்திரி கொஞ்சம் முன்னாலேயே வந்தது. இந்த முறை வாட்ச்மேனுக்குத் தினமும் சுண்டல் கொடுத்தேன், கோலம் பிழைத்தது. எல்லாரும் சரியான கதவுக்கு வந்தார்கள். மாமி ஏழு படியையும் க்ரீக்கையும் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே வருஷத்துல என்னடீ இப்படி முன்னேறிட்டே!" என்றார். எதற்காக அத்தனை நாள் தவம் இருந்தேனோ அது நடந்தது. எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

கொலுவை எடுத்து வைத்த இரண்டாம் நாள், அவள் பெயர் நாளுக்கு முந்தைய தினம், பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். போன வருஷம் எனக்கு ஞாபகம் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் என் பொம்மைகளைப் பார்க்க வந்தவர்கள். கதவு மாறி உன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். நான் பொய் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். ரொம்ப நேரம் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்போது தெரிந்தது?"

"முதலில் வந்த இரண்டு பேர் உள்ளே நுழைந்ததும் உன் பெயரைச் சொல்லி, நீ எங்கே என்று கேட்டார்கள். அடுத்து வந்தவர்களும் உன் பெயரைத்தான் கேட்டார்கள். பதினெட்டுப் பேர். என் பெயர் நாளில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை."

"பிறகு ஏன் பக்கத்து வீட்டுக்கு அனுப்பவில்லை?"

"அனுப்பியிருக்க வேண்டும். பத்தடி தூரம்." அவள் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜை நிறையச் சாப்பாடு. அவர்கள் கேட்டபோது, வருகிறாள், வருகிறாள், உட்காருங்கள் என்று சொன்னேன். தட்டைக் கையில் கொடுத்துவிட்டேன். கடைசியில் நீ வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாய் திறந்தால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நான் முந்திக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருந்தது என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் உன்னால் மறுக்க முடியாது என்று தெரியும்."

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உன் ஏழு படியை யாரும் பார்க்கவில்லை" என்றாள். "என்னால்தான். நான் உன் விருந்தாளிகளைத் திருடினேன்."

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? பால்கனிக்கும் கதவுக்கும் ஓடிய ஒரு மணி நேரமும், மாமியிடம் விழுங்கிய வாக்கியமும், மேஜை விரிப்பைப் பார்த்துக் கூசிய மாதங்களும் சேர்ந்து மண்டைக்கு ஏறின. ஆனால் வேறொன்றும் கண்ணில் தெரிந்தது. நான் கடலை வேக வைத்துக்கொண்டிருந்த அந்தப் பகல் முழுக்க இவள் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, முத்துத் தோடு போட்டுக்கொண்டு, திறந்த கதவைப் பார்த்தபடி ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறாள். நடையில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்திருக்கிறாள். வந்தவர்கள் என் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய நாற்காலிகளை எண்ணினேன். ஆறுதான் இருந்தன. எங்கள் வீட்டில் நாலு.

"நாளைக்கு எத்தனை பேர் வேண்டும் உனக்கு?" என்று கேட்டேன்.